செங்கல் சூளைப் பிள்ளைகளுக்கு ஷூவா, செருப்பா, காசா?

எங்கள் பள்ளித் தோழர்கள் வாட்ஸ்அப் குழுவில் 31 பேர் சேர்ந்து 48,000 ரூபாய் திரட்டினோம். திரட்ட நான்கு நாள்தான் ஆனது. அதை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுக்க ஐந்து வாரம். ஏழைப் பிள்ளைகளுக்கு ஷூ வாங்கிக் கொடுப்போம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்தப் பிள்ளைக்கு, எந்த ஷூ, புதுசா பழசா, பொருளா காசா என்று இறங்கியபோதுதான் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். இதே இடத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் வேறு குழுக்களும் இருக்கும். அவர்களுக்காக, நாங்கள் எதையெல்லாம் எடை போட்டோம் என்று எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் படித்த அரசுப் பள்ளிக்கே போனோம். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே ஓர் அறையைத் திறந்து காட்டினார். அளவு வாரியாகக் கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை விலையில்லா காலணி உண்டு. "எங்க பிள்ளைங்களுக்கு வந்துடுது சார். வராத பிள்ளைங்க அந்தப் பக்கம் இருக்காங்க" என்று ஏரிக்கரைக்கு அப்பால் புகை தெரிந்த திசையைக் கைகாட்டினார்.

அந்தப் பக்கம் இருப்பவை செங்கல் சூளைகள். திருவள்ளூர் மாவட்டத்தில் சேம்பர் என்றால்தான் பலருக்குப் புரியும். பொங்கலை ஒட்டி ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஜூன் வாக்கில் மழைக்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள். கல்வியாண்டின் நடுவில் வந்து, அடுத்தது தொடங்கும்போது போய்விடும் பிள்ளைகள் இவர்கள். பெயர் அங்கே ஒரு பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், கால் இங்கே இருக்கும். இரண்டு அரசுகளின் இலவசப் பட்டியலிலும் நழுவிவிடுகிறார்கள். சில சூளைகளில் ஒடியா பேசும் ஆசிரியரை வைத்துப் பள்ளி நடக்கிறது. நாங்கள் போன மூன்று சூளைகளில் அது இல்லை.

ஓர் உச்சிவேளையில் போயிருந்தோம். ஆறு வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னும் சுடாத பச்சைக்கல் அடுக்குகளுக்கு நடுவே வந்தாள். இடது காலில் நீல ஹவாய், வலது காலில் பச்சை ஹவாய். இரண்டுமே பெரியவர்களுடையது. பச்சையில் வார் அறுந்து, ஓட்டைக்குக் கீழே ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கு தரையில் உரசிப் பளபளவென்று இருந்தது. அவளுக்குப் பின்னால் ஓடி வந்த இரண்டு பையன்களுக்கு அதுவும் இல்லை. செங்கல் சில்லு பரவிய இடம் வந்ததும் இருவரும் பாதத்தின் வெளிப்பக்கத்தை ஊன்றி, நண்டு மாதிரி நடந்தார்கள். பழகிய நடை.

இந்த இடத்தில் காலணி எதற்கு என்று நீட்டி விளக்க வேண்டியதில்லை. சில்லு, கங்கு கலந்த சாம்பல், கருவேல முள், மாசியிலேயே சுடத் தொடங்கிவிடும் தரை. கல் அறுப்பு வெயிலுக்குப் பயந்து பின்னிரவிலேயே தொடங்கிவிடும். அந்த இருட்டில் அப்பா அம்மாவோடு பிள்ளைகளும் நடமாடுகிறார்கள். அடுக்கி வைத்த கல்லுக்குள் பாம்பு ஒண்டியிருக்கும் என்பது சூளையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்றும் இருக்கிறது, அதுதான் எங்கள் கணக்கையே மாற்றியது. கொக்கிப்புழு. மலத்தோடு மண்ணில் விழும் முட்டை ஈரமும் நிழலும் கிடைத்தால் பொரிந்து, சில நாட்களில் தோலைத் துளைக்கும் நிலைக்கு வந்துவிடும். வெறுங்காலோடு மிதிக்கும்போது, பெரும்பாலும் விரலிடுக்கு வழியாக, உள்ளே போகிறது. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழலில் ஏறி, எச்சிலோடு விழுங்கப்பட்டு, சிறுகுடலில் போய்க் கொக்கி போட்டு ரத்தம் குடிக்கிறது. பிள்ளைக்கு வலி தெரியாது. மாதக்கணக்கில் வெளுத்துக்கொண்டே போகும். கழிப்பறை இல்லாத சூளையில் எல்லோரும் ஒதுங்குவது ஒரே ஏரிக்கரைப் புதர். நிழலும் ஈரமும் ஒன்றாக இருப்பதும் அங்கேதான்.

அப்படியானால் ஷூவை விட்டுவிட்டு மாத்திரை வாங்கித் தரலாமே என்று குழுவில் இருக்கும் மருந்துக்கடைக்காரர் கேட்டார். நல்ல கேள்வி. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை சில ரூபாய்தான். ஒரு ஜோடி செருப்பு விலையில் ஒரு சூளைக்கே மாத்திரை வாங்கிவிடலாம். ஆனால் அதற்குக் காசே தேவையில்லை. தேசிய குடற்புழு நீக்க நாள் என்று பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 இரண்டு நாட்களில் ஒன்று முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளி, அங்கன்வாடி வழியாக அரசே இலவசமாகத் தருகிறது. பிப்ரவரியில் இந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இல்லை, அங்கன்வாடியிலும் இல்லை, அவ்வளவுதான் சிக்கல். கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு வார்த்தை சொன்னோம். சூளைகளின் பெயரைக் குறித்துக்கொண்டார். ஆனால் மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைத்தான் கொல்லும். மறுநாள் வெறுங்காலோடு அதே புதருக்குப் போனால் மறுபடி ஏறும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதே புழுவை ஒழிக்க 1909-ல் ஜான் டி. ராக்ஃபெல்லர் 10 லட்சம் டாலர் கொடுத்து ஓர் இயக்கம் தொடங்கினார். அங்கேயும் மருந்தோடு நிற்கவில்லை, கழிப்பறை கட்டச் சொல்லியும் செருப்பு போடச் சொல்லியும் ஊர் ஊராகப் போனார்கள். ஆக, மாத்திரையா காலணியா என்ற ஒப்பீடு எங்களைப் பொறுத்தவரை ஒரு போன் காலில் தீர்ந்தது. கழிப்பறை எங்கள் காசுக்கு எட்டாது. அது சூளை உரிமையாளரின் கடமை. அதைப் பற்றி அவரிடம் பேசியது தனிக் கதை.

சரி, காலணி. பழையதா புதியதா?

பழையது என்றால் செலவில்லை, அப்பார்ட்மெண்ட்டில் ஒரு பெட்டி வைத்தால் ஒரே வாரத்தில் நிரம்பும். நிரம்பியது. வாசனை பட்டதும் லிஃப்ட் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கொட்டிப் பார்த்தால் பெரியவர்களின் ஓட்டப்பந்தய ஷூ, ஹீல்ஸ், ஜோடி இல்லாத ஒற்றைகள். பிள்ளைகளின் ஷூவைப் பிள்ளைகளே தேய்த்துத் தீர்த்துவிடுகிறார்கள். நல்ல நிலையில் மிஞ்சுவது அபூர்வம். அப்படி மிஞ்சியதும் முதலில் போட்டவனின் காலுக்கு வளைந்து கொடுத்திருக்கும். ஒருவனுக்குக் குதிகால் உள்பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால், அடுத்தவனும் அதே கோணலில்தான் நடக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்கு நினைவிருக்கும், லாரி லாரியாக வந்த பழந்துணி சாலையோரம் குவிந்து கிடந்ததை. வீடு இழந்த மனிதர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். கொடுத்தவர்களுக்கு மனம் லேசானது, வாங்க வேண்டியவர்களுக்கு வேலை கூடியது. பழையதைத் தரம் பிரித்து, கழுவி, தைத்துப் பயன்படுத்தத் தெரிந்த அமைப்புகள் இருக்கின்றன. அன்ஷு குப்தா 1999-ல் தொடங்கிய கூஞ்ச் துணியிலும் பிற பொருட்களிலும் அதைச் செய்கிறது. மும்பையைச் சேர்ந்த கிரீன்சோல் பழைய ஷூவைப் பிரித்து, அதிலிருந்து செருப்பு செய்து பிள்ளைகளுக்குத் தருகிறது. எங்கள் பெட்டியை அப்படி ஓர் இடத்துக்கு அனுப்பலாம். சூளைக்கு நேராகக் கொண்டுபோகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

புதியது என்றதும் குழுவில் பெரும்பாலோர் மனதில் வந்து நின்றது கறுப்புப் பள்ளி ஷூ, வெள்ளை சாக்ஸ். மேடை போட்டு, வரிசையாக நிற்க வைத்துக் கொடுக்கலாம், போட்டோ எடுக்கலாம். மொத்தவிலையில் சாக்ஸோடு ஜோடி 420 ரூபாய் சொன்னார்கள். எங்கள் பணத்துக்கு 114 ஜோடி. மூன்று சூளைகளிலும் சேர்த்துப் பிள்ளைகள் 160. மீதி 46 பேரை யார் விலக்குவது?

விலையை விடுங்கள். சூளையில் ஷூ எப்படி உழைக்கும் என்று யோசியுங்கள். களிமண் மிதிக்கும் இடம், தண்ணீர்த் தொட்டி, அடிக்கடி ஈரம். ஷூவுக்குள் ஒருமுறை தண்ணீர் போனால் காய இரண்டு நாள். ஈர சாக்ஸைப் போட்டுக்கொண்டே திரிந்தால் சேற்றுப்புண். சாக்ஸைத் துவைப்பது, காயவைப்பது, ஜோடி சேர்ப்பது எல்லாம் அந்த அம்மாவின் தலையில். லேஸ் வேறு. குடிசைக்குள் நுழையும்போது கழற்றி, வெளியே வரும்போது மாட்டும் ஊர்ப் பழக்கத்துக்கு லேஸ் வைத்த ஷூ ஒத்தே வராது. ஒரு நாளைக்கு இருபது தடவை எந்தப் பிள்ளை முடிச்சுப் போடும்? இரண்டாவது நாளே குதிகாலை மடக்கி மிதித்து, ஷூவைச் செருப்பாக்கிவிடுவார்கள்.

இன்னொன்று அகலம். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை அளந்து பார்த்தது. ஐரோப்பிய, அமெரிக்க அளவுகள் எதிர்பார்ப்பதைவிட நம் பாதம் அகலம் என்று தெரிந்தது. கடையில் அகலம் பிடிக்கிறதே என்று நாம் ஒரு சைஸ் நீளமாக வாங்குகிறோமே, அதன் காரணம் இதுதான். வெறுங்காலிலேயே வளர்ந்த பிள்ளையின் விரல்கள் இன்னும் விரிந்து இருக்கும். ஒடுக்கமான கறுப்பு ஷூவுக்குள் அதைத் திணித்தால் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போடும், அப்புறம் பெட்டியில் வைத்துவிடும். ஊருக்குப் போகும்போது புது ஷூவாகவே போகும்.

அதனால் நான் சாய்ந்தது பின்வார் வைத்த சாண்டலுக்கு. குதிகாலைப் பிடிக்கும் வார், அழுத்தி ஒட்டும் வெல்க்ரோ, தடித்த அடிப்பாகம், விரல் விரிய இடம், தண்ணீரில் கழுவினால் பத்து நிமிடத்தில் காயும். 210 ரூபாய். 160 பேருக்கும் 33,600 ஆகிறது, கையில் 14,400 மிஞ்சுகிறது. குறை இல்லாமல் இல்லை. கால் மூடிய ஷூ தரும் காவலை இது தராது. பக்கவாட்டில் முள் குத்தும், பாம்பு விஷயத்தில் ஷூவே மேல். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் ஷூவைவிடக் காலில் இருக்கும் சாண்டல் காப்பாற்றும். ஹவாய் இன்னும் மலிவு, நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஓடும்போது கழன்றுவிடும் என்பதால்தான் வேண்டாம் என்றோம். பிள்ளைகள் நடப்பதே குறைவு, ஓட்டம்தான்.

கால் வளர வளரப் பெரிதாக்கிக்கொள்ளும் ஷூ ஒன்று இருக்கிறது, அமெரிக்காவின் கென்டன் லீ கொண்டுவந்தது. ஐந்து சைஸ் வரை நீளும். கேட்க நன்றாக இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கடையில் வாங்க முடியாது, வார் அறுந்தால் மாற்றவும் முடியாது. அதைத் தாண்டிப் போனோம்.

இந்த இடத்தில் ஒருவர் டாம்ஸ் கதையைக் குழுவில் போட்டார். நீங்கள் ஒரு ஜோடி வாங்கினால் ஏழைப் பிள்ளைக்கு ஒரு ஜோடி இலவசம் என்று 2006-ல் பிளேக் மைகோஸ்கி அமெரிக்காவில் தொடங்கிய கம்பெனி. கோடிக்கணக்கான ஜோடிகள் கொடுத்தது. அதன் பலன் என்ன என்று புரூஸ் வைடிக் தலைமையில் பொருளாதார ஆய்வாளர்கள் எல் சால்வடாரில் போய்ப் பார்த்தார்கள். கம்பெனியும் ஒத்துழைத்தது, அதைப் பாராட்ட வேண்டும். பிள்ளைகள் ஷூவை விரும்பிப் போட்டார்கள். ஆனால் ஆரோக்கியத்திலோ தன்மதிப்பிலோ சொல்லும்படியான மாற்றம் இல்லை. காரணம் எளிது, அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரிடம் ஏற்கெனவே ஏதோ ஒரு செருப்பு இருந்தது. இன்னொன்றும் தெரிந்தது. எங்கள் குடும்பத் தேவையை மற்றவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்ன பிள்ளைகள், ஷூ வாங்கியவர்களில் கொஞ்சம் கூடுதல். உள்ளூர்க் கடையில் விற்பனையும் சிறிதளவு சரிந்ததாகத் தெரிந்தது. பின்னாளில் கம்பெனி ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கையே கைவிட்டது.

இதைப் படித்துவிட்டு, ஆக ஷூ தானமே வீண் என்று ஒருவர் முடிவு கட்டினார். நான் அப்படிப் படிக்கவில்லை. செருப்பு இருக்கும் பிள்ளைக்கு இன்னொரு ஜோடி கொடுத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது என்றுதான் அது சொல்கிறது. எங்கள் பள்ளியில் அந்த அட்டைப்பெட்டிகளுக்குப் பக்கத்தில் எங்கள் பெட்டியையும் அடுக்கியிருந்தால் அதுதான் நடந்திருக்கும். எத்தியோப்பிய மலைப்பகுதியைப் பாருங்கள். அங்கே எரிமலைச் செம்மண்ணில் வருடக்கணக்கில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு யானைக்கால் மாதிரி கால் வீங்கும் போடோகோனியோசிஸ் என்ற நோய் வருகிறது. கொசுவும் இல்லை, கிருமியும் இல்லை, மண்தான் காரணம். சிறு வயதிலிருந்தே செருப்பு போட்டுக் காலைக் கழுவி வந்தால் அது வரவே வராது. அங்கே ஒரு ஜோடி செருப்பின் மதிப்பு வேறு. அதனால் எந்தச் செருப்பு என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கால் என்று கேட்க வேண்டும். எங்கள் ஐந்து வாரத்தில் உருப்படியாகப் போன நேரம் அதற்குத்தான்.

அப்புறம் காசு. பேசாமல் குடும்பத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிடலாமே? ‘அப்பன் குடித்துவிடுவான்’ என்று உடனே பதில் வந்தது. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை, அது உண்மையும் இல்லை. உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2014-ல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, காசு கிடைத்த ஏழைக் குடும்பங்கள் குடிக்கும் புகைக்கும் கூடுதலாகச் செலவழித்ததாகத் தெரியவில்லை. சூளைக்காரர்களுக்குக் காசு ஒத்துவராததற்குக் காரணம் வேறு. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் வாங்கி வந்தவர்கள், கல்லில்தான் கழிக்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்வந்தால் அன்றைய கல் போச்சு. 210 ரூபாய் கொடுத்து, அதைவிடக் கூடுதலாக அவர்களை இழக்க வைப்பது என்ன கொடை? கடையில் மாற்றிக்கொள்ளும் கூப்பனுக்கும் இதே சிக்கல்.

காசும் கூப்பனும் தரும் ஒரு நல்ல விஷயத்தை மட்டும் விட மனமில்லை. பிள்ளை தானே பார்த்து, போட்டு நடந்து, பிடித்ததை எடுக்கும். மேடையில் கைநீட்டி வாங்குவதில் அது கிடைக்காது. செருப்பு என்பது நம் ஊரில் வெறும் சுகாதாரப் பொருளாக என்றைக்கும் இருந்ததில்லை. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கம் ராஜாவூரில், ஆதிக்க சாதியினரின் தெரு ஒன்றில் தலித் மக்கள் முதன்முதலாகச் செருப்புப் போட்டு நடந்தது 2023 டிசம்பரில். அதற்கு முன்பு அந்தத் தெருவில் அவர்கள் செருப்புப் போட முடியாது, சைக்கிளில் போகவும் முடியாது. சூளைக்கு வரும் ஒடிசாக் குடும்பங்களிலும் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடிகளும்தான். அந்தப் பிள்ளையின் காலில் நாம் குனிந்து மாட்டிவிட்டுப் போட்டோ எடுப்பதும், அவளே இரண்டு நிறத்தில் ஒன்றைக் காட்டி இது என்று சொல்வதும் ஒன்றில்லை. போட்டோ வேண்டாம் என்று நான் சொன்னதும் இரண்டு பேர் குழுவை விட்டே வெளியேறினார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே நடுவில் ஒரு வழி பிடித்தோம். பஜாரில் முப்பது வருடமாகச் செருப்புக் கடை வைத்திருப்பவரைக் கேட்டோம்: நீங்களே சரக்கை ஏற்றிக்கொண்டு சூளைக்கு வர முடியுமா? டாடா ஏஸ் வாடகை எங்களுடையது. வார விடுமுறை மாலையில் தார்ப்பாய் விரித்து, பிள்ளைகள் போட்டுப் பார்த்து எடுக்கட்டும். அளவு சரியில்லை என்றால் மார்ச் கடைசி வரை மாற்றித் தர வேண்டும். அவர் ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை, எந்த சைஸ் எத்தனை என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், வீணாகச் சுமக்க முடியாது. தேதியை பிப்ரவரி முதல் வாரம் என்று வைத்தோம். பள்ளி திறக்கும்போது ஜூனில் கொடுக்கலாம் என்றவரிடம், அப்போது பூட்டிக் கிடக்கும் குடிசைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றேன்.

அளவெடுக்க ஷூக்கடை அளவுகோல் எதுவும் வேண்டியதில்லை. என் அப்பா டவுனுக்குக் கிளம்பும்போது எங்கள் பாதத்துக்குப் பக்கத்தில் ஈர்க்குச்சியை வைத்து, கட்டைவிரல் நுனியோடு ஒடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதையேதான் செய்தோம். ஒரு துடைப்பத்தைப் பிரித்தோம். பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது அளந்தால் குறைத்துக் காட்டும், நிற்கவைத்து அளக்க வேண்டும். இரண்டு காலும் ஒரே நீளம் இருக்காது, பெரிய காலைக் கணக்கில் எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு விரற்கடை இடம் விட்டால் வருடக் கடைசி வரை வரும். அதைவிட அதிகமாக விட்டால் தடுக்கும். குச்சியில் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதினோம். மேஸ்திரி ஒடியாவில் சொல்லச் சொல்ல எழுதியதில் பாதிப் பெயர் தப்பாக இருக்கும்.

மூன்றாவது சூளையில் முடித்துக் குச்சிகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டும்போது, ஓர் அம்மா வந்து தானே ஒடித்த ஒரு குச்சியை நீட்டினார். பெயர் இல்லை. யாருடையது என்றோம். பின்னால் திரும்பிப் பார்த்தார். வெயிலில் பச்சைக்கல்லைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பதின்மூன்று இருக்கலாம். பிள்ளைகள் வரிசையில் நின்றபோது அவள் வரவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. குச்சி 23 சென்டிமீட்டர் இருந்தது. கடைக்காரரிடம் 161 என்று சொல்லியிருக்கிறோம்.